இரண்டு கோப்பை கொதிக்கும் நரி

முழங்காலை மாற்றி வைத்த மருத்துவர் ஹால்வர் நைகார்டிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இனி யார் வீட்டுப் பாத்திரத் தொட்டிக்கு அடியிலும் தவழ்ந்து போகக் கூடாது. முப்பத்தைந்து வருடமாக அப்படித் தவழ்ந்து போய்த்தான் அவர் வீடு கட்டினார், இரண்டு மகள்களைப் படிக்க வைத்தார். மினசோட்டாவின் அந்த மூலையில் அவர் கை படாத குழாய் கிடையாது. ஐம்பத்தேழு வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து பனி விழுவதை எண்ணிக்கொண்டிருப்பது அவருக்கு ஒத்துவரவில்லை. ஃபார்லி ஊர்த் தொழிற்பள்ளியில் பிளம்பிங் சொல்லிக்கொடுக்கும் வேலை காலியாக இருந்தது. அது கிடைத்த மாதிரிதான். ஆனால் கல்லூரியில் நாலு பாடமாவது தேறியிருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். மூன்றை எப்படியோ தாண்டிவிட்டார். நாலாவது, அமெரிக்க வரலாறும் பண்பாடும்.

பாடம் எடுத்த பேராசிரியை ரொவீனா கிட்ரெட்ஜ், ஹால்வரின் மூத்த மகளைவிட இரண்டு வயது சின்னவர். ஜனவரியில் ஒரு நாள் வகுப்பு முடிகிற நேரத்தில் அவர் சொன்னார்:

"நீங்க சாப்பிடுறது, உடுத்துறது, பாடுறது, இதுல ஏதாவது ஒண்ண எடுத்துக்குங்க. அது எங்கேருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சு எழுதுங்க. அஞ்சு சான்றாவது வேணும். அந்தக் காலத்து ஆளு அந்தக் காலத்துலயே எழுதினதா இருக்கணும். 'எங்க வீட்டுல சொல்லுவாங்க'ங்கிறது சான்று இல்ல. லைப்ரரிக்குப் போங்க."

தலைப்பு எழுதச் சொல்லி ஒரு தாள் சுற்றி வந்தது. ஹால்வருக்கு ஒன்றுமே தோன்றவில்லை. முந்தின ஞாயிறு தங்கள் நார்வேக்காரர் சர்ச்சில் சாப்பிட்டதுதான் நினைவுக்கு வந்தது. 'பச்சை சாலட்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

வாழ்க்கையில் அவர் செய்த பிசகுகளிலேயே பெரியது, எழுபத்தொன்றாம் வருடம் பாதிரியார் வீட்டுக் கழிப்பறைத் தொட்டிக்குச் சுடுநீர்க் குழாயை மாட்டியது. அதற்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

பச்சை சாலட் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். எலுமிச்சை வாசனை போட்ட பச்சை ஜெல்லி. உள்ளே துருவிய கேரட்டும் நறுக்கிய அன்னாசியும் அந்தரத்தில் மிதந்துகொண்டிருக்கும். பெயர்தான் சாலட், மருந்துக்குக்கூட ஓர் இலை இருக்காது. கல்யாணம், சாவு, சர்ச் விருந்து எதுவும் அது இல்லாமல் நடக்காது. இதைக் கண்டுபிடித்தவர் தன் அம்மா தேயாதான் என்று ஹால்வரின் அக்கா டாக்னி சொல்வாள். இல்லை, தன் அம்மா போர்கில்ட்தான் என்று ஹால்வரின் மனைவி மார்னா சொல்வாள். இரண்டு அம்மாக்களும் உயிரோடு இருந்த காலத்தில் அவர்களே இதைச் சொல்லிச் சண்டை போட்டார்கள். அவர்கள் போன பிறகு மகள்கள் எடுத்துக்கொண்டார்கள். சர்ச் விருந்து மேஜையின் இந்தக் கோடியில் மார்னாவின் சாலட் மீன் வடிவத்தில் ஆடிக்கொண்டிருக்கும், அந்தக் கோடியில் டாக்னியின் சாலட் வட்டமாக ஆடிக்கொண்டிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் இரண்டிலும் ஒரே அளவு கரண்டியால் ஒரே அளவு எடுத்துக்கொள்வார்கள். புதிதாக வந்த பாதிரியார் முதல் வாரம் மீனில் மட்டும் எடுத்துவிட்டார். அடுத்த இரண்டு ஞாயிறு டாக்னி பிரசங்கத்தின்போது உரக்க இருமினாள்.

ஹால்வர் அன்று இரவுச் சாப்பாட்டில் தலைப்பைச் சொன்னதும் மார்னா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நெஜமாவா? இதத்தான் எழுதப் போறியா?"

"ஆமா. சின்ன விஷயம், சீக்கிரம் முடிஞ்சிரும்னு பாத்தேன்."

"கடவுளாப் பாத்து உன்ன எழுத வச்சிருக்காரு ஹால்வர். இத்தன வருஷம் கழிச்சு எங்கம்மாவுக்கு நியாயம் கிடைக்கப் போகுது."

"எங்கம்மாவும் இருக்காங்க மார்னா."

"உங்கம்மா நல்லவங்க. நான் இல்லேங்கல. கேரட்டு துருவத் தெரியாது, அவ்வளவுதான்."

எழுந்து போய்ச் சமையல் குறிப்பு வைக்கும் தகரப் பெட்டியைக் கொண்டுவந்தாள். அதிலிருந்து பழுத்துப்போன ஓர் அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவள் அம்மாவின் கையெழுத்து. 'எலுமிச்சை ஜெல்லிப் பொடி ஒரு பொட்டலம். இரண்டு கோப்பை கொதிக்கும் நரி.'

"நரியா?"

"நீர்னு எழுதறதுக்கு நரின்னு எழுதிட்டாங்க. மூணாவதோட பள்ளிக்கூடம் நின்னுபோச்சு, பாவம். இதவிட வேற என்ன அத்தாட்சி வேணும்? காப்பி அடிச்சவங்கன்னா ஒழுங்கா எழுதியிருப்பாங்க!"

செய்தி எப்படிப் போனதோ, மறுநாள் காலை டாக்னியின் கார் வாசலில் நின்றது. மார்னா கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் வந்திருந்தாள். உள்ளே வந்து பூட்சைக்கூடக் கழற்றவில்லை.

"டேய், உம் பொண்டாட்டி உன்ன மிரட்டினாளா?"

"இல்லக்கா. காப்பி சாப்பிடு."

"காப்பி கிடக்குது. இந்தா, இதப் பாத்து எழுது. அம்மா கைப்பட எழுதினது." கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்தாள். "இதுல பாரு, 'கொதிக்கும் நரி'. அம்மாவுக்கு அவசரத்துல எழுத்து முன்னபின்ன போயிரும். இது ஒண்ணு போதும், இது அம்மாவோடதுதான்னு சொல்ல."

ஹால்வர் தாளைப் பார்த்தார். கல்யாணமான முப்பத்திரண்டு வருடத்தில் இரண்டு குறிப்பையும் ஒரே வாரத்தில் பார்த்தது இதுதான் முதல் தடவை. தெருவில் ஒரு வீட்டில் கலங்கல் தண்ணீர் வந்தால் அந்த வீட்டுக் குழாயில் கோளாறு. அடுத்தடுத்து இரண்டு வீட்டில் வந்தால் கோளாறு தெருவுக்கு அடியில் ஓடும் பெரிய குழாயில். இது அவருக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறக்கக் கூடாது என்பதும் தெரியும். அக்காவுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு லைப்ரரிக்குக் கிளம்பினார்.

ஃபார்லி கல்லூரி நூலகத்தின் வாசலைத் தாண்டியதும் ஒரு கம்ப்யூட்டர் புதிதாக வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே பழைய அட்டை இழுப்பறைகளும் நின்றன. ஹால்வர் ஒற்றை விரலால் 'பச்சை சாலட்' என்று தட்டினார். ஒன்றும் இல்லை என்றது. 'சாலட்' என்றார். கீரை பயிரிடுவது பற்றிக் கலிஃபோர்னியாக்காரர் ஒருவர் எழுதிய புத்தகத்தைக் காட்டியது. 'ஜெல்லி' என்றார். கடலில் மிதக்கும் ஜெல்லிமீன்கள் பதினேழு வந்தன.

"அதுகிட்ட அதோட பாஷைல பேசணும். இல்லேன்னா வாயத் திறக்காது," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

லுவெல்லா பின்னி, தகவல் மேஜை நூலகர். சிகாகோவிலிருந்து வந்து இருபது வருடம் ஆகியும் மினசோட்டா குளிரோடு ராசியாகாமல், ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டிருந்த கறுப்பினப் பெண்மணி. ஹால்வரை நாற்காலியில் உட்கார வைத்துப் பென்சிலை எடுத்துக்கொண்டார்.

"என்ன தேடுறீங்கன்னு நீங்க எழுதினது சரி. நெஜமா என்ன வேணும்? செய்முறையா, இல்ல யாரு மொதல்ல செஞ்சாங்கன்னா?"

"யாரு செய்யலேன்னு தெரிஞ்சாக்கூடப் போதும் மேடம். ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தங்களாவது கழியணும்."

"யாரு அந்த ரெண்டு பேரு?"

"எங்கம்மா. எம் மாமியாரு."

லுவெல்லா பென்சிலைக் கீழே வைத்தார். "மிஸ்டர் நைகார்ட், உங்களுக்கு வேண்டியது நூலகர்தானா? வக்கீல் இல்லையா?"

ஆனாலும் விஷயம் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. அட்டை இழுப்பறையை உருவி, 'சமையல், அமெரிக்கா, மத்திய மேற்கு' என்ற தலைப்பில் விரலை ஓட்டினார். ஜனங்கள் ஒன்றை எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படிப் புத்தகத்தை அடுக்க மாட்டார்கள், அடுக்கியவர்கள் வைத்த பெயர் தெரிந்தால்தான் கதவு திறக்கும் என்றார். "நீங்க கடைல கேக்கற பேரு ஒண்ணு, கம்பெனிக்காரன் லிஸ்ட்ல வேற பேரு இருக்கும்ல? அந்த மாதிரி."

"ஓ, அப்படியா! இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றார் ஹால்வர். நாற்பது வகை வால்வின் பட்டியல் பெயரை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் அவர். அந்த நிமிடத்திலிருந்து அவருக்கு லைப்ரரி பயம் விட்டது.

அவர் தேடியது நிலவறையில் இருந்தது. அந்த வட்டாரத்துச் சர்ச்சுகளின் பெண்கள் சங்கங்கள், கூரை போட, மணி வாங்க என்று நிதி சேர்ப்பதற்காக அச்சடித்து விற்ற சமையல் புத்தகங்கள். ஆளுக்கு ஒரு குறிப்புக் கொடுத்து, அடியில் பெயர் போட்டுக்கொண்டவை. யாரோ ஒரு நூலகர் ஐம்பதுகளிலேயே இவை ஒருநாள் வேண்டியிருக்கும் என்று யோசித்துச் சேர்த்து வைத்திருந்தார். ஆனால் உள்ளே போக விதிமுறை அதிகம். கோட்டு வெளியே. பேனா கூடாது, பென்சில் மட்டும். தின்பண்டம் கூடாது. கையைக் கழுவ வேண்டும்.

கழுவப் போனவர் பத்து நிமிடமாகியும் வரவில்லை. லுவெல்லா எட்டிப் பார்த்தார். ஹால்வர் குழாயின் தலையைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்த வாஷர் ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

"நான் கையக் கழுவத்தான் சொன்னேன்."

"சொட்டிக்கிட்டே இருந்துச்சு மேடம். எப்படிப் பாத்துக்கிட்டே வர்றது?"

செவ்வாயும் வியாழனும் என்று மூன்று வாரம் போனார். முதலில் பெரிய இடைஞ்சலாக இருந்தது பெயர்கள்தான். அந்தப் புத்தகங்களில் தேயாவும் கிடையாது, போர்கில்டும் கிடையாது. எல்லாப் பெண்களும் புருஷன் பெயருக்குள் ஒளிந்துகொண்டிருந்தார்கள். திருமதி பேடர் நைகார்ட் என்றால் அம்மா, திருமதி ஆர்னே லுண்டே என்றால் மாமியார். அம்மாவை நாற்பத்தொன்றாம் வருடப் புத்தகத்தில் கண்டுபிடித்தார். மாமியாரை முப்பத்தெட்டாம் வருடப் புத்தகத்தில் கண்டுபிடித்ததும் அவருக்கு அக்காவின் முகம் கண்முன் வந்து வியர்த்தது. பிறகு முப்பத்தைந்தில் ஸ்வீடன்காரர் சர்ச்சில் ஓர் அம்மாள் வந்தார். முப்பத்து மூன்றில் ஜெர்மன் கத்தோலிக்கர் சர்ச்சில் திருமதி அலோய்ஸ் ஷ்மெல்ட்சர் என்று ஒருவர் வந்தார்.

"கத்தோலிக்கரா?" என்று ஹால்வர் சத்தமாகவே கேட்டுவிட்டார். பக்கத்து மேஜையில் ரயில்வே வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "கத்தோலிக்கர்னாலே ஆகாத எங்க சர்ச்சுல போய் இத நான் எப்படிச் சொல்லுவேன்?"

"சொல்றது அப்புறம். இதப் பாத்தீங்களா?" என்று லுவெல்லா பென்சிலின் பின்முனையால் காட்டினார். திருமதி ஷ்மெல்ட்சரும் இரண்டு கோப்பை கொதிக்கும் நரியைத்தான் ஊற்றச் சொல்லியிருந்தார்.

திரும்பப் போய் எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஒன்பது புத்தகம், ஒன்பது பெண்கள், ஒரே சாலட். ஐந்தில் யாரோ நீர் என்று திருத்தியிருந்தார்கள். நாலில் நரி அப்படியே கொதித்துக்கொண்டிருந்தது.

"சரியா எழுதறது எல்லாருக்கும் ஒரே மாதிரி அமையலாம் மிஸ்டர் நைகார்ட். தப்பு ஒரே மாதிரி அமையாது. இவங்க எல்லாரும் ஒரே தாளப் பாத்துத்தான் எழுதியிருக்காங்க."

"பெரிய குழாய்ல கோளாறு," என்றார் ஹால்வர்.

"என்னது?"

"நீங்க சொன்னதத்தான் சொன்னேன். அந்தத் தாள் எங்க இருக்கும்?"

அதுதான் இல்லை. லுவெல்லா அட்டைகளைப் புரட்டினார், மாநிலத்தின் பெரிய நூலகங்களுக்கு எழுதிக் கேட்டார், ஒரு நாள் வீட்டில் தூக்கம் வராமல் யோசித்ததாகக்கூடச் சொன்னார். சமையல் தாள்களை யாரும் சேர்த்து வைப்பதில்லை. அடுப்பு மூட்டத்தான் போகும். இதற்குள் பாதிரியார் வேறு சர்ச் அறிக்கையில் அச்சடித்துவிட்டார்: மார்ச் பதினாலு விருந்தில் சகோதரர் ஹால்வர் நைகார்ட் பச்சை சாலட்டின் வரலாறு குறித்துப் பேசுவார்.

பிப்ரவரி கடைசியில் பூஜ்யத்துக்கு இருபத்தாறு கீழே போன ஒரு வியாழக்கிழமை. நிலவறையில் உட்கார்ந்திருந்த ஹால்வர் தலையைத் தூக்கினார். மேலே ஒரு சத்தம், பல்லைக் கடிப்பது மாதிரி. மற்றவர்களுக்கு அது சத்தமே இல்லை.

"மேடம், இந்தக் கட்டடத்துக்கு மெயின் வால்வு எங்க?"

"தெரியாதே. ஏன்?"

"அப்ப பெட்டிங்கள எடுங்க. இப்பவே."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் மூலையில் உத்தரத்தின் ஓரமாக ஓடிய குழாய் வெடித்துப் பீய்ச்சியது. லுவெல்லா கத்திய கத்தலில் மேலே படித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். ரயில்வே வரைபடக்காரர் முதல் ஆளாகப் பெட்டியைத் தூக்கினார். கைக்குக் கை மாறிப் பெட்டிகள் படியேறின. ஹால்வர் குழாய் போகும் வழியைக் கண்ணால் பிடித்து, உடைந்த நாற்காலிகள் அடைத்துக் கிடந்த ஒரு பொந்துக்குள் தவழ்ந்தார். மருத்துவர் நினைவுக்கு வந்தார். புது முழங்கால் ஐயோ என்றது. வால்வு துருப்பிடித்து நகர மறுத்தது. காலிலிருந்த பூட்சைக் கழற்றி நாலு அடி அடித்து, அதனிடம் நார்வேஜிய மொழியில் ஒரு வார்த்தை சொல்லித் திருப்பினார். தண்ணீர் நின்றது.

பதினைந்து பெட்டி லேசாக நனைந்திருந்தது. ஒன்றே ஒன்றுதான் நன்றாக ஊறியிருந்தது. அதன்மேல் 'பலவகை' என்று மட்டும் எழுதி, 1962 என்று போட்டிருந்தது. எந்த அட்டையிலும் அது இல்லை. உள்ளூர் விவசாய அலுவலகம் ஒன்று மூடியபோது யாரோ கொண்டுவந்து போட்டதாம். திறந்து பார்க்க எவருக்கும் நேரம் வாய்த்திருக்கவில்லை. இப்போது திறந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் தாள்கள் ஒட்டிக்கொள்ளும்.

படிப்பறை மேஜைகள் முழுக்க மையொற்றும் தாளை விரித்து ஒவ்வொன்றாகப் பரப்பினார்கள். பன்றிக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, கிழிந்த மெத்தையை எப்படித் தைப்பது, முட்டையை எப்படிப் பாதுகாப்பது. ஹால்வர் ஈரச் சாக்ஸோடு நின்று ஒரு மடிப்புத் தாளைப் பிரித்தார். வாயெல்லாம் பல்லாக ஒரு பெண்மணி பச்சை நிறத்தில் எதையோ ஏந்திக்கொண்டு நிற்கும் படம். ஏதோ ஒரு ஜெலட்டின் கம்பெனியின் விளம்பரத் தாள், 1931. 'கோடைத் தோட்டம் சாலட்' என்று தலைப்பு. துருவிய கேரட். நறுக்கிய அன்னாசி.

"மேடம்," என்றார். தாளை இரு கையாலும் தூக்கிப் பிடித்தார். மறுபடியும், "மேடம்! நரி!"

அச்சுக் கோத்தவன் கையில் எழுத்து இடம் மாறி நீர் நரியாகிவிட்டது, அவ்வளவுதான். எத்தனை ஆயிரம் அடித்தார்களோ. தாளின் மூலையில் ரப்பர் முத்திரை: 'செல்வி ஹாரியட் டால்பி அவர்களின் செய்முறை விளக்கம், ஃபார்லி நகர மண்டபம், ஏப்ரல் 14.'

லுவெல்லா பின்னி இரண்டு ஸ்வெட்டரோடு அந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி ஆடினார். "தேதி கிடைச்சாச்சு! தேதி கிடைச்சா பேப்பர் கிடைச்ச மாதிரி."

மறு செவ்வாய், பழைய பத்திரிகைப் படச்சுருளைப் பெரிதாக்கிக் காட்டும் மைக்ரோஃபிலிம் கருவியின் முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். அந்த வாரத்து உள்ளூர்ப் பத்திரிகை. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற ஏப்ரல் ஓடியது. ஐந்தாம் பக்கத்தில் இருந்தது:

'ஜெலட்டினின் பயன்கள் பற்றிய கூட்டத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு பெண்மணிகள் வந்திருந்தனர். அனைவருக்கும் குறிப்புத் தாள் வழங்கப்பட்டது. முடிவில் மீன் வடிவ அலுமினிய அச்சு ஒன்று குலுக்கலில் திருமதி ஆர்னே லுண்டேவுக்குக் கிடைத்தது. தொப்பிக்குள் தம் சீட்டு போடப்படவே இல்லை என்று திருமதி பேடர் நைகார்ட் ஆட்சேபித்தார். திருமதி லுண்டே பதில் கூறினார். கூட்டம் குறித்த நேரத்துக்குச் சற்று முன்னதாகவே முடிவடைந்தது.'

ஹால்வர் மூன்று தடவை படித்தார். முப்பத்திரண்டு வருடம் விருந்து மேஜையில் அந்த மீன் அவரைப் பார்த்துக்கொண்டே ஆடியிருக்கிறது. கல்யாணத்தன்று அம்மா அழுதது, மாமியார் வீட்டுக்குக் கடைசிவரை அம்மா சாப்பிடப் போகாதது, எல்லாம் ஒரு தொப்பிக்குள் கிடக்காத சீட்டுக்காக.

"இத விட்டுரலாமா மேடம்? கம்பெனித் தாளோட நிறுத்திக்கிட்டா?"

"அது உங்க இஷ்டம். ஆனா உங்ககிட்ட இருக்கறதுலயே பெரிய சான்று இதுதான்."

ஹால்வர் சட்டைப் பையைத் துழாவினார். பிறகு பிரதி எடுக்கும் இயந்திரத்தில் காசைப் போட்டார்.

மார்ச் பதினாலு. சர்ச் கீழ்த்தளத்தில் எண்பது பேர். மீன் இந்தக் கோடியில், வட்டம் அந்தக் கோடியில். ஹாம், உருளைக்கிழங்கு, காப்பி எல்லாம் முடிந்ததும் பாதிரியார் கை காட்டினார். ஹால்வர் எழுந்து நின்று தாளைப் பிரித்தார். மனைவி முன்வரிசையில் வலப்பக்கம், அக்கா முன்வரிசையில் இடப்பக்கம். தலையைத் தூக்காமல் படித்தார். ஒன்பது புத்தகம். கத்தோலிக்கரைச் சொன்னபோது ஒரு முணுமுணுப்பு ஓடியது. நரியைச் சொன்னபோது பின்வரிசையில் ஒரு பெரியவர் சிரித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு கம்பெனித் தாளைச் சொன்னார். குலுக்கலைச் சொல்லி முடித்து உட்கார்ந்தார்.

முதலில் எழுந்தவள் டாக்னி. "அந்தப் பொம்பளைக்கு என்ன பேரு சொன்னே?"

"ஹாரியட் டால்பி."

"ராத்திரி எங்க தங்கினா?"

"அது பேப்பர்ல இல்லக்கா."

"முப்பத்தொண்ணுல ஃபார்லில ஏது ஹோட்டலு?" என்றாள் டாக்னி கூட்டத்தைப் பார்த்து.

"ஹோட்டல் கிடையாது," என்றாள் மார்னா மெதுவாக. அவளும் எழுந்துவிட்டாள். "வெளியூர்லேருந்து வர்றவங்க யாரு வீட்டுலயாவதுதான் தங்குவாங்க. அம்மா சொல்லியிருக்காங்க."

"வீட்டுல தங்கினா வீட்டுல சாப்பிட்டிருப்பா."

"சாப்பிட்டிருந்தா என்ன சாப்பிட்டிருப்பா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்களுக்குள் அப்படி ஒரு பார்வையை ஹால்வர் பார்த்ததே இல்லை.

"திருடி!" என்றாள் டாக்னி.

"நம்ம வீட்டுச் சோத்தத் தின்னுட்டு!" என்றாள் மார்னா.

ஹால்வர் எழுந்தார். "கொஞ்சம் பொறுங்க. அவ இங்க வர்றதுக்கு முன்னாடியே அந்தத் தாள் அச்சாயிருச்சு. கையில கொண்டுவந்துதான் குடுத்தா."

"அப்ப அதுக்கு முந்தின வருஷமும் வந்திருக்கா!"

"அதுக்குச் சான்று?"

"அத நீதான்டா தேடணும்," என்றாள் அக்கா. "இத்தன நாள் லைப்ரரில என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

"அரைகுறையா விட்டுட்டு வந்து பேச நிக்கிறான் பாருங்க," என்றாள் மனைவி அக்காவிடம். பாதிரியார் எழுந்து ஜெபத்தைத் தொடங்கிவிட்டார்.

கட்டுரைக்குப் பேராசிரியை கிட்ரெட்ஜ் நல்ல மதிப்பெண் போட்டிருந்தார். ஓரத்தில் சிவப்பு மையில், 'சான்றுகள் அபாரம். ஆசிரியர் உயிருக்குப் பயந்து எழுதியது சில இடங்களில் தெரிகிறது' என்று ஒரு வரி. தொழிற்பள்ளியிலிருந்து செப்டம்பரில் வந்து சேரச் சொல்லிக் கடிதம் வந்தது. முழங்காலைச் சோதித்த மருத்துவர், எங்காவது தவழ்ந்தீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொன்னார்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய் மார்னாவும் டாக்னியும் அவரோடு காரில் ஏறிக்கொண்டார்கள். அவர் சரியாகத் தேடவில்லை என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. லுவெல்லா வாசலிலேயே நிறுத்தி, பேனாவையும் டாக்னியின் பையிலிருந்த பிஸ்கட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பென்சில் கொடுத்தார்.

"என்ன தேடுறீங்க?"

"திருட்டு," என்றார்கள் இருவரும்.

"எந்த வருஷத்துத் திருட்டு?"

"முப்பது. இருபத்தொம்போதாவும் இருக்கலாம்."

லுவெல்லா இரண்டு சுருள்களை எடுத்துவந்து மாட்டி, கைப்பிடியைச் சுற்றக் காட்டிக்கொடுத்தார். முதல் பத்து நிமிடம் கைப்பிடியை யார் பிடிப்பது என்று இழுபறி. பிறகு டாக்னி சுற்ற, மார்னா படித்தாள். ஒரு மணி நேரம் கழித்து ஹால்வர் எட்டிப் பார்த்தபோது ஹாரியட் டால்பியை அவர்கள் மறந்தே போயிருந்தார்கள்.

"ஏய், நிறுத்து நிறுத்து! எங்க ஓல்காப் பெரியம்மா மாட்டுத் தொழுவம் எரிஞ்சுதுன்னு போட்டிருக்கான்."

"எரிஞ்சுதா? அவங்க புருஷனே கொளுத்தினாருன்னு சொல்லுவாங்களே?"

"யாரு சொன்னா?"

"எங்கம்மா."

"உங்கம்மாவுக்கு எப்படித் தெரியும்? சுத்து, சுத்து. அடுத்த வாரம் என்ன போட்டிருக்கான்னு பாப்போம்."

ஹால்வர் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "போலாமா? மணி நாலாச்சு."

இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மார்னா மட்டும் கையை ஆட்டினாள், கொஞ்சம் இரு என்று. லுவெல்லா ஒரு நாற்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினார். அவர் உட்கார்ந்தார்.